மூன்றாம் ஜன்னல் மிசஸ் கிரான்ட்

எங்கள் பஃபலோ நகரத்தில், கடன் வசூல் ஆபீசில் ஒரு மாதமாவது ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த ஆள் ஒருத்தர்கூட இல்லாத வீடு இருந்தால் எனக்குக் காட்டுங்கள். எஃகு ஆலையை மூடினார்கள், ஆண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள், பெண்கள் போனை எடுத்தார்கள். டோரீன் பகோல்ஸ்கியும் அப்படி எடுத்தவள்தான். ஆனால் இது நடந்த வசந்தத்தில் அவள் வசூல் போனைத் தொட்டுப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. ஐம்பத்தேழு வயதில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது லைசென்ஸ் வேலை.

லைசென்ஸ் வேலை என்றால் லேசுப்பட்ட சங்கதி இல்லை. ஆஸ்பத்திரிக்காரன் தன்னால் வசூலிக்க முடியாத பில்லை நார்ம் வெட்சலின் ஆபீசுக்கு அனுப்புவான். பில் யார் பேரில் இருக்கிறதோ அவர் குடியிருக்கும் மாநிலம் லைசென்ஸ் கேட்கிற மாநிலமாக இருந்தால், அது கையில் இல்லாமல் அவருக்கு ஒரு கடிதம் போடக்கூடாது, போனும் பண்ணக்கூடாது. ஒரு மாநிலம் ஜாமீன் பத்திரம் கேட்கும், ஒரு மாநிலம் கைரேகை கேட்கும், இன்னொன்று மேலாளருக்குப் பரீட்சையே வைக்கும். ஒன்று டிசம்பரில் காலாவதியாகும், இன்னொன்று ஜூனில். டோரீன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அத்தனையையும் பார்த்துக்கொண்டாள். அவள் மேசைக்கு மேலே சுவரில் ஒரு தேசப்படம். செல்லுபடியாகிற மாநிலத்துக்குப் பச்சை ஊசி, புதுப்பிக்க வேண்டியதற்கு மஞ்சள் ஊசி. சிவப்பு ஊசி டப்பாவை அவள் பிரித்ததே இல்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

ஈஸ்டருக்கு முந்தின திங்கட்கிழமை காலை ஒரு தடித்த உறை வந்தது. எந்த மாநிலம் என்று நான் சொல்லப்போவதில்லை. மேற்கே, சோளக்காடும் காற்றுமாக ஒரு மாநிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் நோட்டீஸ் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. உள்ளே லைசென்ஸ் அதிகாரியின் கடிதம். உங்கள் வசூல் ஊழியர் மிசஸ் கிரான்ட் என்பவர் மேல் புகார் வந்திருக்கிறது. நீங்கள் ஆண்டுதோறும் சத்தியம் செய்து கொடுத்துவரும் பட்டியலின்படி மிசஸ் கிரான்ட் என்ற பெயரில் பேசுபவர் டோரீன் பகோல்ஸ்கி. பத்து வேலை நாளுக்குள் பிரமாணப் பத்திரமாகப் பதில் தரவும்.

டோரீன் அதை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை அவள் பெயர் அவளுக்கே யாரோ ஒருத்தியின் பெயர்போல் இருந்தது.

விஷயம் இதுதான். வசூல் ஆபீசில் யாரும் சொந்தப் பெயரில் பேச மாட்டார்கள். கோபக்காரன் எவனாவது வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிடுவான் என்ற பயம். அதனால் பெயர்கள் ஆளுக்குச் சொந்தமில்லை, நாற்காலிக்குச் சொந்தம். முதல் ஜன்னலோர நாற்காலி மிஸ்டர் ஸ்டோன். இரண்டாம் ஜன்னல் மிஸ்டர் பிராட்லி. மூன்றாம் ஜன்னல் மிசஸ் கிரான்ட். ஒருத்தி வேலையை விட்டுப் போனால் அடுத்தவள் வந்து உட்கார்ந்து, ஹெட்போனோடு பெயரையும் மாட்டிக்கொள்வாள். கடன்காரருக்கு ஆள் மாறினது தெரியவே தெரியாது. எந்த நாற்காலியில் நிஜமாக யார் இருக்கிறார் என்று சில மாநிலங்கள் பட்டியல் கேட்கும். பதினாலு வருஷத்துக்கு முன்னால் மிசஸ் கிரான்ட் டோரீன்தான். தொண்டையில் சதை வளர்ந்து ஆபரேஷன் ஆகி, இனிமேல் நாள் முழுக்கப் பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் லைசென்ஸ் மேசைக்கு மாறினாள். மற்ற மாநிலங்களின் பட்டியலையெல்லாம் திருத்தினாள். சோளக்காட்டு மாநிலத்துப் படிவம் மட்டும் கம்ப்யூட்டரில் இல்லை, காகிதத்தில் வரும். அதில் வருஷா வருஷம் போன வருஷத்து நகலை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினாள். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான். பதினாலு வருஷமும் வலது கையைத் தூக்கி, இதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டிருந்தாள்.

இது போதாதென்று, உறைக்குள் இன்னும் ஒரு தாள் இருந்தது. கோடு போட்ட தாள், நடுங்கின கையெழுத்து. புகார் கொடுத்தவர் வெர்னா ஸ்டோல், வயது எண்பத்தொன்று.

"என் கணவரின் ஆஸ்பத்திரிக் கடன் இது. கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. மிசஸ் கிரான்ட் என்ற அம்மாள் மிகவும் இனிமையாகத்தான் பேசினாள். கடைசியில், 'வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள், எங்கள் ஆள் வரும்போது படி தடுக்காமல் இருக்கும்' என்றாள். அன்றிலிருந்து விளக்கு போடுவதில்லை. சமையலறையில் இருட்டிலேயே சாப்பிடுகிறேன். உங்களால் முடிந்தால் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அந்த ஆளை எந்தத் தேதியில் அனுப்புவார்கள்?"

வாசல் விளக்கு அவள் சொந்தச் சரக்கு. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பனிக்காலத்தில் அவள் வாயில் தானாக வந்த வாக்கியம். மிரட்டலே இல்லை பாருங்கள், கேட்டால் அக்கறைபோல் இருக்கும். ஆனால் கேட்டவர்கள் மறுநாளே பணம் அனுப்பினார்கள். அந்த வருஷம் நார்ம் அவளுக்குக் கேக் வெட்டினான். ஆள் என்று ஒருவனை அவர்கள் எப்போதும் அனுப்பினதில்லை.

பத்து மணிக்கு நார்ம் வந்தான். அப்பா வைத்துவிட்டுப் போன ஆபீசை முப்பது வருஷமாக நடத்துகிறவன். பயந்தால் சத்தமாகப் பேசுவான்.

"என்ன டோரீன், செத்த வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி உட்கார்ந்திருக்க?"

அவள் உறையை நீட்டினாள். அவன் நின்றபடியே படித்தான். காது மடல் சிவந்தது.

"பட்டியல்ல உன் பேரா? இன்னுமா? அடிப் பாவி! எல்லாத்தையும் பூதக்கண்ணாடி வச்சுப் பாப்பியே!"

"தப்புதான் நார்ம்."

"தப்பா? லைசென்ஸ ரத்து பண்ணிட்டான்னா என்ன ஆகும் தெரியுமா?"

தெரியாதா அவளுக்கு! எல்லா மாநிலத்துப் படிவத்திலும் ஒரு கேள்வி உண்டு: 'வேறு எந்த மாநிலமாவது உங்கள் லைசென்ஸை ரத்து செய்திருக்கிறதா?' ஒரு இடத்தில் ரத்தானால் மற்ற அத்தனை இடத்திலும் ஆம் என்று எழுத வேண்டும். எழுதினால் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். ஆபீசில் இருபத்திரண்டு பேர். அவர்கள் சம்பளம், அவர்கள் மருத்துவக் காப்பீடு. டோரீனின் காப்பீட்டில்தான் அவள் புருஷன் லென்னின் இதய வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் வக்கீலிடம் பேசிவிட்டு நார்ம் திரும்பி வந்தான். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"வழி இருக்கு. பட்டியல் விஷயம் வெறும் எழுத்துப் பிழைன்னு சொல்லிடலாம். இப்ப அந்த நாற்காலியில இருக்கிறது லாட்ரீஸ். அந்தக் கிழவிகிட்ட பேசினது அவதான், ரெக்கார்டு இருக்கு. அவ சொன்ன வார்த்தை நம்ம ஆபீஸ் சொல்லிக் குடுத்தது இல்ல, அவளா இஷ்டத்துக்குப் பேசிட்டா, வேலையை விட்டு எடுத்தாச்சுன்னு நீ பிரமாணப் பத்திரம் குடு. அந்த மாநிலத்துக்குப் பொறுப்பாளர் நீதானே. கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

"நம்ம சொல்லிக் குடுத்தது இல்லன்னா எழுதணும்?"

"ஆமா. ஏன்?"

நார்முக்கு வாசல் விளக்கு நினைவில் இல்லையா, இல்லை நினைவிருந்தும் கல்லுளிமங்கன்போல் நிற்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஒண்ணுமில்ல" என்றாள்.

செவ்வாய்க்கிழமை லாட்ரீஸ் பூன் என்ற அந்தப் பெண்ணை வேலையை விட்டு எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். முப்பத்தோரு வயது, இரண்டு பெண் பிள்ளைகள், எட்டு மாதத்தில் ஆபீசிலேயே அதிக வசூல். கார் நிறுத்துமிடத்தில், அழுக்குப் பனிக் குவியல் பக்கத்தில் நின்று அவள் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தபோது டோரீன் போய் நின்றாள். என்ன சொல்லப் போனாள் என்று அவளுக்கே தெரியாது.

"மிஸ் டோரீன், நீங்களாவது சொல்லுங்க. நான் கத்தினேனா? திட்டினேனா? ஒரு கெட்ட வார்த்தை பேசினேனா?"

"இல்லம்மா."

"அந்த லைட்டு விஷயம் என்னுது இல்ல. பயிற்சிக்குக் குடுக்கற நீலக் கோப்புல இருந்துச்சு. சேந்த முதல் நாளே அதுல இருக்கிற சி.டி.ய போட்டுக் காட்டினாங்க. 'நல்ல அழைப்புகள்', ஒண்ணாம் நம்பர். யாரோ ஒரு பொம்பள. ஐயோ, என்ன குரலுங்கிறீங்க, தேன்தான் போங்க! நான் வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு அவள மாதிரியே பேசிப் பேசிப் பழகினேன்."

டோரீனின் இப்போதைய குரல் ஆபரேஷனுக்குப் பிந்தினது. கரகரப்பு. லாட்ரீஸுக்கு எப்படித் தெரியும்?

"சொல்லிக் குடுத்தபடி செஞ்சேன். இப்ப கேட்டா, யாரும் சொல்லிக் குடுக்கலங்கிறாங்க. இது எந்த ஊர் நியாயம்? வாடகைக்கு நான் எங்க போவேன்?"

"எதுக்கும் நான்... பேசிப் பாக்கறேன்" என்றாள் டோரீன். அது நான்தான் என்று இரண்டே சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போய்க் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். தன்னை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் நீலக் கோப்பைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சமையலறையில் சி.டி.யைப் போட்டாள். இருபது வருஷத்துக்கு முந்தைய டோரீன் பேசினாள். கொஞ்சல், சிரிப்பு, நடுவில் ஒரு இருமல்கூட இல்லை. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் டியர். வாசல் விளக்கைப் போட்டு வைங்க. எங்க ஆள் வர்றப்ப படி தடுக்கக்கூடாது பாருங்க." அந்தப் பக்கம் யாரோ ஒரு ஆண் மூச்சை இழுக்கும் சத்தம். பிறகு ஒரு தொகையைச் சொல்லி, நாளைக்கே அனுப்புகிறேன் என்கிறான். அந்த மூச்சை டோரீன் அந்தக் காலத்தில் கவனித்ததே இல்லை. தொகையை மட்டும்தான் கேட்டிருந்தாள்.

லென் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"உன் பழைய குரல்தானே?" என்றான். "எவ்வளவு நாளாச்சு கேட்டு! அழகா இருக்கு."

"லென், நான் உண்மையச் சொன்னா உன் மாத்திரைக்குக் காப்பீடு போயிடும்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள், வெர்னா ஸ்டோலின் தாளையும் சேர்த்து. அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தான். படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தான்.

"நான் என்ன சொல்லணும்னு எதிர்பாக்கற?"

"தெரியல."

"போகட்டும், நீ பாத்துச் செய்னு சொன்னா நான் பெரிய மனுஷன். ஆனா எனக்குப் பயமா இருக்கு டோரீன். நெஜமாவே பயமா இருக்கு."

அந்த ராத்திரி இரண்டு பேருக்கும் தூக்கம் வந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

வியாழக்கிழமை பத்திரம் தயார். வக்கீல் அடித்துக் கொடுத்தது, ஒரே பக்கம். ஆபீசுக்கு நோட்டரி டோரீன்தான், ஆனால் தன் கையெழுத்துக்குத் தானே முத்திரை குத்த முடியாது. "நாளைக்குப் பெரிய வெள்ளி, எல்லாம் மூடிடுவான், இன்னிக்கே முடிச்சுட்டு வா" என்று நார்ம் விரட்டினான். அவள் பிராட்வே தெருவில் இருக்கும் பேங்குக்குப் போனாள். எதிரே சந்தையில் ஈஸ்டர் கூட்டம் முட்டிமோதிக்கொண்டிருந்தது. ஈஸ்டர் விருந்துக்கு வெண்ணெயில் வார்த்த ஆட்டுக்குட்டி உருவமும் காரமான குதிரைமுள்ளங்கிக் கிழங்கும் வாங்க வருஷம் தவறாமல் அவளும் அந்த வரிசையில் நிற்பாள். இந்த வருஷம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நோட்டரி ஒரு சின்னப் பெண். அடையாள அட்டையைப் பார்த்தாள், பதிவேட்டில் எழுதினாள், நிமிர்ந்தாள்.

"வலது கையத் தூக்குங்க மேடம். இந்தப் பத்திரத்துல இருக்கிறதெல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்றீங்களா?"

மாதத்துக்கு இருபது தடவை டோரீன் மற்றவர்களைக் கேட்கிற கேள்வி. அதை அவள் மூச்சு விடாமல் கேட்பாள், அவர்களும் யோசிக்காமல் தலையாட்டுவார்கள், முத்திரை விழும், அடுத்த ஆள். இப்போது அவள் வலது கை பாதி தூரம் எழும்பி அங்கேயே நின்றது. பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

"மேடம்?"

"ஒரு நிமிஷம்."

"உடம்புக்கு எதுவும் பண்ணுதா? தண்ணி வேணுமா?"

"பேப்பர் இருக்கா? வெள்ளை பேப்பர்?"

பெண் அச்சுப்பொறியிலிருந்து இரண்டு தாளை உருவிக் கொடுத்தாள். டோரீன் ஜன்னலோரம் பணம் கட்டும் சீட்டு எழுதுகிற மேசைக்குப் போனாள். சங்கிலி போட்டுக் கட்டின பேனாவில் எழுதினாள். சங்கிலி இழுத்து எழுத்து கோணிக்கோணி வெர்னா ஸ்டோலின் கையெழுத்தைப்போலவே ஆகிவிட்டது. பட்டியல் தவறு, பதினாலு வருஷமும் படித்துப் பார்க்காமல் சத்தியம் செய்தது நான். புகாரில் உள்ள போனில் பேசியது நான் இல்லை. ஆனால் அந்த வார்த்தை என்னுடையது. நான் கண்டுபிடித்தேன், நான் பேசினேன், அதைப் பதிவு செய்து ஆபீஸ் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. லாட்ரீஸ் பூன் கற்றுக்கொண்டதைத்தான் செய்தார். பயிற்சிப் பதிவின் சி.டி. இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

திரும்பவும் வரிசையில் நின்றாள். இந்தத் தடவை கை முழுசாக மேலே போனது.

வக்கீலின் தாளை ஆபீசுக்குக் கொண்டுபோய் நார்மின் மேசையில் வைத்தாள், கையெழுத்தில்லாமல். தன் பத்திரத்தின் நகலை அதன்மேல் வைத்தாள். அசல், கைப்பையில் இருந்த சி.டி.யோடு சேர்ந்து ஏற்கெனவே தபாலில் போயிருந்தது. நார்ம் படித்தான்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு."

"இருக்கலாம்."

"இருபத்திரண்டு பேர் டோரீன்! ஒரு வார்த்தை என்னக் கேட்டிருக்கக்கூடாதா?"

"கேட்டா நீ விட்டிருப்பியா?"

"உன் புருஷன நெனச்சாவது..."

"அவனப் பத்திப் பேசாத நார்ம். அத நான் ராத்திரியெல்லாம் நெனச்சாச்சு."

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அயோக்கியன் இல்லை அவன், பயந்தவன். "அந்தக் கேக்கு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான் கடைசியாக. "லெமன் கேக்கு. நாந்தான் வெட்டினேன்."

பிறகு ஆறு வாரம். அந்த ஆறு வாரம் ஆபீசில் யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. தபால்காரன் வந்தால் இருபத்தொரு தலை நிமிரும். டோரீனுக்கு எட்டுக் கிலோ குறைந்தது. மே மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. லைசென்ஸ் ரத்து இல்லை. நல்ல கனமான அபராதம், இரண்டு வருஷம் கண்காணிப்பு. நீலக் கோப்பை அழிக்க வேண்டும். டோரீன் பகோல்ஸ்கி இனி அந்த மாநிலத்துக்குத் தரும் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடக்கூடாது. புகார்தாரருக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கையெழுத்துப் போட முடியாத லைசென்ஸ் குமாஸ்தாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நார்ம் அவளை அரை நாள் வேலைக்கு மாற்றினான். அரை நாளுக்குக் காப்பீடு கிடையாது. லென் தன் எழுபத்தைந்து மாடல் படகை விற்றான். இலையுதிர்காலத்தில் டோரீன் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்தாள், அங்கே காப்பீடு உண்டு. நடுவில் நாலு மாதம் லென்னின் மாத்திரையைப் பாதியாக உடைத்தார்கள், அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு பதறும். லாட்ரீஸைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவள் வரவில்லை. ஒருநாள் கடைத்தெருவில் டோரீனைப் பார்த்தாள். "தேன் குரல் நீங்கதானா?" என்றாள். சிரிக்கவில்லை. "அன்னிக்குப் பனியில நின்னப்பவே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அது டோரீனுக்கு வேண்டியதுதான்.

ஆனால் அந்த மன்னிப்புக் கடிதம் எழுதின நாளைச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் நாலு வரி அடித்துக் கொடுத்திருந்தான். 'தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு' என்று ஆரம்பித்தது. டோரீன் அதை அப்படியே வைத்துவிட்டு, கீழே காலியாக இருந்த இடத்தில் கையால் எழுதினாள்.

"அன்புள்ள மிசஸ் ஸ்டோல், எந்தத் தேதியில் ஆள் வருவான் என்று கேட்டிருந்தீர்கள். எந்தத் தேதியிலும் வர மாட்டான். அப்படி ஒரு ஆள் எங்களிடம் கிடையாது, எப்போதுமே இருந்ததில்லை. நான் சும்மா சொன்னேன். தயவுசெய்து விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்."

அதன் கீழே முழுப் பெயரையும் எழுதினாள், டோரீன் பகோல்ஸ்கி என்று. வீட்டு விலாசத்தையும் எழுதினாள். முப்பது வருஷத் தொழிலில் ஒரு கடன்காரருக்கு அவள் தன் விலாசத்தைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.